கூரைச்சேலை கட்டிய காட்டெருமை

குன்னூர்க் காட்டெருமையைப் பற்றி ஈரோட்டு வெயிலில் வளர்ந்தவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. படத்தில் பார்த்தால் கொஞ்சம் சத்தான மாடு மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் வீட்டுக் குளியலறைக்குக் கால் முளைத்து நடந்து வருவது போல் இருக்கும். (மிகைப்படுத்தவில்லை. எங்கள் குளியலறை சின்னது.)

அப்போது நான் கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த புதிது. என் மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு உயிர், பெற்ற பிள்ளையும் டேலியாப் பூவும், மலர்க் கண்காட்சியை ஒட்டி நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டியும். (உண்மையான வரிசை வேறு என்று போகப் போகத் தெரிந்தது. பிள்ளை கடைசி.) முந்தின வருடம் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அந்தக் கோப்பையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். இந்த வருடம் முதல் பரிசு வாங்கியே தீருவது என்று டேலியாக்களைத் தட்டு அகலத்துக்கு வளர்த்திருந்தார். நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் பார்த்துக் காரமடையில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். போகாமல் முடியாது.

"தண்ணி மட்டும் ஊத்து கண்ணு. வேற ஒண்ணையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

தொட்டேன். தோட்டத்து வேலி முழுக்கச் சாயம் போன பழைய சேலைகள் கட்டியிருந்தன. இவ்வளவு அழகான தோட்டத்துக்கு இதென்ன கோலம், பாவம் அத்தை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டி, எல்லாவற்றையும் அவிழ்த்து வாளியில் ஊறப் போட்டேன். பிறகு என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் காப்பி டம்ளரோடு வெளியே வந்தால், டேலியாக்களுக்கு நடுவில் ஒரு காட்டெருமை. வாயில் சிவப்புப் பூ. பயம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றேன்.

அது தள்ளிக்கொண்டு மஞ்சள் பூவுக்குப் போனது.

வேலியில் சேலை எதற்கு என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. காட்டெருமை உள்ளே வராமல் இருக்க மலைக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது. பழைய சேலையெல்லாம் வாளியில் சொட்டச் சொட்டக் கிடந்தது. உள்ளே ஓடி, பீரோவில் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு வந்து வேலி மேல் வீசினேன். அரக்கு நிறம், அகலச் சரிகை. என் கல்யாணக் கூரைச்சேலை! விருந்தை முடித்திருந்த காட்டெருமை, சாவகாசமாக வேலியைத் தாண்டியது. முந்தானை கொம்பில் மாட்டிக்கொண்டது.

சரியாக அந்த நேரத்தில் நடுவர்களின் ஜீப் வந்து நின்றது. முன்னால் பட்டுச்சேலையோடு காட்டெருமை, பின்னால் நைட்டியோடு நான். ஜீப்பிலிருந்து யாரும் இறங்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் கண்ணாடியைத் துளி இறக்கி, தோட்டம் எங்கே என்று கேட்டார்.

தேயிலைக்குள் இறங்கிக்கொண்டிருந்த காட்டெருமையைக் காட்டி, "அதுக்குள்ள இருக்குதுங்க" என்றேன்.

மத்தியானம் அத்தை வந்தார். அதற்குள் நான் ஈரோட்டுக்குப் பெட்டி கட்டியிருந்தேன். மொட்டைக் காம்புகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாடு உன்னைய ஒண்ணும் பண்ணலையில்ல கண்ணு?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டேன். கொழுந்து பறிக்கும் பெண்கள், தேயிலைச் செடியில் சிக்கியிருந்த பாதிச் சேலையை எடுத்துவந்து, சிரிப்பை அடக்க முடியாமல் தந்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே அத்தை அதை வேலியில் கட்டிவிட்டார்.

அடுத்த வருடம் எங்களுக்குத்தான் முதல் பரிசு. கோப்பை இப்போது வாசலைப் பார்த்து இருக்கிறது. ஆனால் கூரைச்சேலையை என்னைவிட நன்றாகக் கட்டியது காட்டெருமைதான் என்று, சொந்தக்காரர்கள் அதற்கு மூத்த மருமகள் பட்டம் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "மூத்த மருமகளையும் கூட்டிட்டு வந்துருங்க" என்பார்கள்.

அத்தை முகம் மாறாமல் பதில் சொல்வார்: "அவ எப்படீங்க வருவா? இருந்த ஒரு சேலையையும் நாங்க வேலியில கட்டிட்டோம்."