ஆழிமகானின் வீக்கநாசினி உருண்டை

அந்த வரிசையில் மனிதர்கள் நின்றார்கள் என்று கூறுவது முழு உண்மை ஆகாது. முழங்கால்கள் நின்றன, மனிதர்கள் அவற்றுக்குத் துணையாக வந்திருந்தார்கள். பருத்த முழங்கால், சிவந்த முழங்கால், துணி சுற்றிய முழங்கால், மடங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முழங்கால் எனப் பல்வகைப்பட்ட முழங்கால்கள் பழைய கிடங்கின் வாசலில் தொடங்கித் தெருமுனைவரை நீண்டிருந்தன.

கிடங்கினுள் ஆழிமகான் வீற்றிருந்தார். கடல்நீல அங்கி. அகன்ற கைகள் கொண்ட அங்கி. கையில் ஒரு பெரிய சங்கு. அதை வந்தவரின் முழங்காலில் பொருத்தி, மறுமுனையில் தம் காதை வைத்துக் கண்மூடிக் கேட்பார்.

"உள்ள அலை அடிக்குது."

"என் முட்டிக்குள்ள கடலா, ஐயா?"

"எல்லார் முட்டிக்குள்ளயும் கடல்தான். உங்களுக்குக் கொஞ்சம் புயல்."

புயல் என்று கேட்டதும் அந்த மனிதருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை காலமாக எந்த மருத்துவரும் அவருடைய வலிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. சங்கைச் சுவரில் வைத்தாலும் இதே இரைச்சல்தான் கேட்கும். அதற்காகச் சுவருக்கு மூட்டுவலி என்று எவரும் வருந்துவதில்லை.

மகானின் வரலாறு பின்வருமாறு. அவர் மூச்சு விடாமல் கடலடியில் தவமிருந்தார். அங்கே ஒரு கடற்பஞ்சு அவரோடு பேசியது. "மலையுச்சி மூலிகையோடு என்னைச் சேர்த்து அரை, உலகின் வீக்கமெல்லாம் வடியும்" என்றது. கடற்பஞ்சு வாயும் மூளையும் இல்லாத உயிர் என விலங்கியல் கூறுகிறது. ஆயினும் பேசியது. மூளையில்லாமல் பேசுவது உலகத்துக்குப் புதியதன்று.

வரிசையில் நின்ற தன் அக்காவின் அருகே, கைகளைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். அவளைச் 'சந்தேகம்' என்றே அழைப்பார்கள். யார் எந்த முடிவைக் காட்டினாலும் "இன்னொரு தடவை செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்பவளாதலால், உடன் பணிபுரிவோர் சூட்டிய பெயர் அது. அவள் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தின் தொழிலும் ஏறத்தாழ மகானின் தொழிலே. காட்டுச் செடிகளையும், பாசி, கடற்பஞ்சு, கடலட்டை முதலிய கடல்வாழ் உயிர்களையும் அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்த சாற்றில் வீக்கத்தைத் தணிக்கும் வேதிப்பொருள் உண்டா எனத் தேடுவார்கள். வேறுபாடு யாதெனில், இவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்று எழுதியும் வைப்பார்கள்.

அக்காவுக்குத் தையற்கடை. முழங்காலும் விரல்களும் வீங்கிக் கடையையே மூடும் நிலைக்கு வந்தவள், உருண்டை விழுங்கிய சில நாட்களில் மறுபடியும் தையல் இயந்திரத்தை மிதித்தாள். இதை மறுக்க எவராலும் இயலாது. சந்தேகத்தாலும் இயலவில்லை.

"பாருடி, பாரு." அக்கா தெருவிலேயே உட்கார்ந்து எழுந்தாள். "உன் கூடத்துல இத்தனை வருசமா பாசியை அரைச்சீங்களே, ஒரு ஆளை இப்படி எழுப்பினீங்களா?"

"டாக்டர் குடுத்த மாத்திரை என்னாச்சு?"

"நிறுத்திட்டேன். ரெண்டு மருந்தும் வயித்துக்குள்ள சண்டை போடும்னு ஐயா சொல்லிட்டாரு."

"முகம் ஏங்க்கா இப்படி ஊதியிருக்கு?"

"ஊதலடி, களை! வர்றவங்க எல்லாம் ஐயாவோட அருள் முகத்துல தெரியுதுங்கறாங்க."

அருள் கன்னங்களில்தான் குடியேறியிருந்தது. முகம் முழுவட்டமாகிவிட்டது. அக்கா இடைவிடாமல் தண்ணீர் குடித்தாள். கத்தரிக்கோல் விழுந்து கால்விரலில் பட்ட சிறு காயம் ஆறாமல் ஈரமாகவே இருந்தது.

"இது இன்னுமா ஆறல?"

"கெட்ட நீர் அந்த வழியா வெளியேறுதாம்."

சந்தேகம் குனிந்து புண்ணைப் பார்த்தாள். ஊதிய கன்னம், தீராத தாகம், ஆறாத புண். இம்மூன்றையும் ஒருசேர எங்கோ படித்திருந்தாள். இப்படியே போனால் அக்கா நடப்பதற்கு முழங்கால் இருக்கும், பாதம் இருக்குமா?

அவ்வேளையில் வரிசையின் முன்புறத்திலிருந்து ஒருவர் கையசைத்தார். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்! கையில் மகானின் உருண்டைப் பொட்டலம்.

"நீயும் வந்துட்டியாம்மா? நாளைக்கே இதைச் சோதிக்கிறோம்."

சோதித்தார்கள். அம்முறையை இங்கு எளிதாக விளக்குதல் தகும். உயிரணுக்களைச் சீண்டி, வீக்கத்தை உண்டாக்கும் பொருளைச் சுரக்க வைப்பார்கள். பின் ஒரு பங்கிற்குப் புதிய சாற்றையும், மறு பங்கிற்கு ஏற்கெனவே நிரூபணமான மருந்து ஒன்றையும் கொடுத்து, எது எவ்வளவு அடக்குகிறது என ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீட்டு மருந்து, மருத்துவர்கள் அளந்து, அஞ்சிக் கொடுக்கும் ஒரு ஸ்டீராய்டு. அளவு மிஞ்சினால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், புண் ஆறாது. மாத்திரையாகக் கடைகளில் கிடைப்பதுதான்.

உருண்டையின் கோடு கணினித்திரையில் எழுந்தது. ஒப்பீட்டு மருந்தின் கோட்டின்மேல் அப்படியே படுத்துக்கொண்டது. இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"சமம்! மருந்துக்குச் சமமான ஆற்றல்! என் வாழ்நாள்ல இப்படி ஒரு கோட்டைப் பாத்ததில்ல!"

"சமம் இல்ல சார். அதேதான்."

"என்னம்மா சொல்ற?"

"எந்த இலையை அரைச்சாலும் கோடு கொஞ்சம் குடிகாரன் மாதிரி நடக்கும். இது நம்ம மருந்து போட்ட தடத்துலயே காலை வெச்சு நடக்குது. இந்தக் கோட்டைப் பாத்ததே இல்லைங்கறீங்களே, தினமும் பாக்கறீங்க சார். பக்கத்துலயே இருக்கு."

தேடுகிறவர்களுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. புதியதைத் தேடித் தேடிக் கண் பழுத்தவர்கள், பழையது வேடமிட்டு வந்தால் முதலில் அவர்களே மாலை போடுவார்கள். இயக்குநர் மாலையுடன் ஆயத்தமாகிவிட்டார். "இயற்கையே அந்த மருந்தைச் செஞ்சிருக்கலாமே! மக்கள் முன்னால அறிவிக்கிறேன்னு ஐயாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"தாராளமா அறிவிங்க சார். மேடையில நான் ஒரு சின்னச் செய்முறை காட்டறேன். இயற்கைதான் செஞ்சதுன்னா நிரூபணமாயிடும்."

விஞ்ஞானம் தம் பெருமையை மேடையில் பறைசாற்றப் போகிறது என்று மகானும் மகிழ்ந்து இசைந்தார். தம் மூலிகையையும் கடற்பஞ்சையும் தட்டில் வைத்து மக்களுக்குக் காட்டவும் சம்மதித்தார். காட்சிப்பொருள்தானே, கெடுதல் இல்லை என்று எண்ணினார்.

விழா நாளன்று கிடங்கு நிரம்பி வழிந்தது. மகான் முதலில் அக்காவை மேடையேற்றினார்.

"இந்த அம்மாவைப் பாருங்க. நடக்க முடியாம இருந்தவங்க. இப்ப முகத்துல எப்பேர்ப்பட்ட ஒளி!"

கைதட்டல். அக்கா வட்ட முகத்தோடு கும்பிட்டாள். தண்ணீர் புட்டியை இடுப்பில் இடுக்கியிருந்தாள்.

சந்தேகம் ஒரு சிறு கண்ணாடிச் சாடியையும், வெண்மாவு பூசிய பட்டை ஒன்றையும் மேசைமேல் வைத்தாள். பட்டையின் அடியில் மூன்று பொட்டுகள் இட்டாள்.

"இது ஓட்டப்பந்தயம். முதல் பொட்டு, கடையில வாங்கின மாத்திரை. ரெண்டாவது, ஐயாவோட உருண்டை. மூணாவது, ஐயா தட்டுல வெச்சிருக்கிற அதே இலையும் பஞ்சும். இப்பத்தான் உங்க முன்னால எடுத்து நசுக்கினேன். சாடிக்குள்ள இருக்கிற திரவம் மேல ஏறும்போது, ஒவ்வொரு பொருளையும் அதுக்குரிய உயரத்துக்குத் தூக்கிட்டுப் போகும். ஒரே பொருள்னா ஒரே உயரம்."

திரவம் ஏறியது. முன்வரிசைக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். மகான் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். நெற்றி மட்டும் வியர்த்தது. பட்டையை உலர்த்தி, கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள் சந்தேகம்.

"அக்கா, நீ வந்து பாரு. என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லு."

அக்கா குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"முதல் பொட்டுக்கு நேர் மேல ஒரு கருப்புப் புள்ளி. ரெண்டாவதுலயும் அதே உயரத்துல ஒண்ணு."

"மூணாவதுல?"

"கீழ ஏதோ பச்சையா ஈஷியிருக்கு. அந்த உயரத்துல... ஒண்ணுமே இல்லடி."

இயக்குநர் ஓடிவந்து பெட்டிக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்க அவருக்கு மனமில்லை.

கிடங்கு முணுமுணுத்தது. மகான் எழுந்தார். இத்தகைய மனிதர்களைக் குறைத்து எடைபோடுதல் கூடாது. திறமை இல்லாமல் இத்தனை முழங்கால்களைச் சேர்க்க முடியாது.

"மக்களே! எவ்வளவு பெரிய கொடுமை பாருங்க! கடல் எனக்குக் குடுத்த ரகசியத்தைத் திருடி, மாத்திரை செஞ்சு வித்துட்டாங்க!"

"ஆமா! திருடிட்டாங்க!" என்றது பாதிக் கூட்டம். அந்த மாத்திரை மகான் கடலில் இறங்குவதற்கு முன்பே, ஏன், அவர் பிறப்பதற்கு முன்பே விற்பனையில் இருந்தது. ஆனால் கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்குக் கணக்குப் பாடம் எடுக்க முடியுமா?

"அப்ப இலையில அந்தப் புள்ளி ஏன் இல்ல?" என்றாள் சந்தேகம்.

"என் கையால அரைச்சாத்தான் அது உள்ள இறங்கும்!"

கூட்டம் ஆரவாரித்தது. சந்தேகம் வாய் திறக்குமுன் அக்கா முன்னே வந்தாள். அவள் குரல் நடுங்கியது. பொய்யாகிவிடக் கூடாதே என்னும் நடுக்கம் அது. அவளுக்கு அந்த முழங்கால்கள் வேண்டும்.

"ஐயா, அரைச்சுக் காட்டிடுங்க. இவ வாயை அடைச்சிடலாம். உங்களை நான் நம்பறேன். கையைக் கழுவிட்டு, அந்த அங்கியை மட்டும் கழட்டி வெச்சுட்டு அரைங்க."

மகான் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏங்க ஐயா? கைதானே அரைக்கணும்? அங்கியா அரைக்குது?"

எங்கோ ஒரு முழங்கால் சிரித்தது. பிறகு இன்னொன்று. மகான் அங்கியின் கைகளை இறுகப் பற்றியபடி படியை நோக்கி நடந்தார்; நடை ஓட்டமாயிற்று. புயல் முழங்காலுக்குச் சொந்தக்காரர் விளிம்பை எட்டிப் பிடித்தார். துணி கிழிந்தது. உள்பையிலிருந்து நுணுக்கிய வெள்ளைத்தூள் பொட்டலங்களும், இன்னும் நுணுக்காத மாத்திரை அட்டைகளும் மேடையில் கொட்டின. அட்டைகளின்மேல் அச்சிட்ட பெயரை இயக்குநர்தான் குனிந்து உரக்கப் படித்தார். அந்த அளவுக்காவது அவர் விஞ்ஞானி.

கூட்டம் பாய்ந்தது. சந்தேகம் ஒலிபெருக்கியைப் பறித்தாள்.

"அவரை விடுங்க, போலீஸ் பாத்துக்கும்! நான் சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கே உருண்டையைத் தூக்கி வீசிடாதீங்க! இவ்வளவு நாள் தின்னதை டக்குன்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன தின்னீங்கன்னு வெக்கப்படாம சொல்லுங்க. அவங்க கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க."

அக்கா மருத்துவமனையில் சேர்ந்தாள். சர்க்கரை எகிறியிருந்தது, கால்விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க வீக்கம் பழையபடி எட்டிப்பார்த்தது. அவள் பழைய மருந்துக்கே திரும்பினாள். பிறகு ஒருநாள், கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டாள்.

"உன் பாசி, பஞ்சுல எல்லாம் நிஜமாவே ஒண்ணும் இல்லையாடி?"

"இருக்கலாங்க்கா. தேடிட்டுத்தான் இருக்கோம். இன்னும் கிடைக்கல."

"கிடைக்கலைன்னு சொல்ற ஒருத்தியைத் தூக்கிப் போட்டுட்டு, பஞ்சு பேசிச்சுன்னவன் பின்னால போனேன் பாரு." அக்கா அலுத்துக்கொண்டாள். "நர்ஸம்மா, இது என்ன மாத்திரை? இதுல என்ன இருக்கு?"

செவிலியர் நின்று, பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார்.

அதற்குள் ஊரின் மறுபக்கத்தில் ஒருவர் தேனீயோடு பேசத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. வரிசையும் தொடங்கிவிட்டதாம். போகிறவர்கள் போகலாம், ஆனால் வாயைத் திறந்து உருண்டையை வாங்குமுன், அதே வாயால் "இதுல என்ன இருக்கு?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் சொன்னால் சரிபாருங்கள். கோபப்பட்டால், பதில் சொல்லிவிட்டார் என்று பொருள்.