நல்லா மெத்துன்னு

ஓவன் கதவு திறக்க மாட்டேன் என்றது. மெர்வின் இழுத்துப் பார்த்தான். ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். கடைசியில் கைப்பிடியிடம் கெஞ்சவும் கெஞ்சினான். முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

கடையிலிருந்து வந்த அவன் மனைவி ஜோலீன் மாவுப் பையை மேசையில் வைத்தாள்.

“அது இப்பத் திறக்காது. சுத்தம் பண்ணிக்கிட்டிருக்கு.”

“என்ன சுத்தம்?”

“தானே சுத்தம் பண்ணிக்கிற பொத்தான் ஒண்ணு இருக்குல்ல, அதை அமுக்கிட்டுப் போனேன். உள்ள பயங்கரமாக் காஞ்சு அழுக்கையெல்லாம் சாம்பலாக்கிடும். போன தடவை ஹக்கிள்பெரிப் பழம் அடைச்சுச் சுட்ட பை பொங்கி வழிஞ்சு அடியில கரியாக் கெடந்துச்சு. சர்ச் விருந்துக்கு இன்னொண்ணு சுடணும்.”

“உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?”

“காலி ஓவன்ல என்னத்தைப் பாக்கிறது?”

மெர்வின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஓவன் காலியாக இல்லை. உள்ளே அவன் மாமனாரின் தோட்டாக் கூடுகள் இருந்தன.

மாமனார் தோர்வால்ட் ஸ்கார் அதிகம் பேசுகிறவர் அல்ல. எங்கள் மொன்டானா ஊரில் அதை யாரும் குறையாக நினைப்பதும் இல்லை. பேச்சு வேண்டுமென்றால் ரேடியோ இருக்கிறது. அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும்போது, மலைமேல் இருக்கும் அவருடைய பலகைக் குடிலுக்கு அவரும் நாலைந்து பேரும் போவார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிவப்புக் கம்பளி மேல்சட்டை. அதில் தோட்டாவின் அடிப்பாகத்தை வெட்டிச் செய்த பித்தளைப் பொத்தான்கள். அந்தச் சட்டையோடு ஒருவர் காபிக் கடைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் தாமாகவே நகர்ந்து இடம் விடுவார்கள். மெர்வின், கல்யாணம் ஆன நாளிலிருந்து, நகர்ந்து இடம் விடுகிறவர்களில் ஒருவன்.

அவன் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக் கொடுக்கிறான். டிராம்போன் அருமையாக ஊதுவான். அதை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வது என்று மாமனாருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக ஒருமுறைகூட அவனை வேட்டைக்குக் கூப்பிட்டதில்லை. இந்த வருஷம் குடிலில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. அதில் படுத்திருந்தவர் முழங்கால் வலி தாங்காமல் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். அந்தக் கட்டில் தனக்குக் கிடைக்காதா என்று மெர்வின் ஏங்கினான். வாய்விட்டுக் கேட்க மட்டும் தைரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாமனார் ஒரு காபி டப்பாவை அவன் முன்னால் நகர்த்தினார். உள்ளே ஒரு கைப்பிடி காலித் தோட்டாக் கூடுகள், எல்லாம் அவருடைய பழைய துப்பாக்கியினுடையவை.

“இதை மெத்துன்னு ஆக்கிக் கொண்டா வாத்தியாரே. நல்லா மெத்துன்னு. வேட்டைக்கு முந்தின நாள் வேணும்.”

அவ்வளவுதான். ஆனால் அவர் அவனிடம் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் மிக நீளமானது. மாமியார் அல்வீனா அவன் தோளைத் தடவிப் பார்த்து, பெருத்திருக்கிறாயா என்றுகூடக் கேட்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீடு வரும் வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டே வந்தான்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல் திரும்ப மருந்து நிரப்பிச் சுடுவது எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை மாதிரி. நாலைந்து முறை சுட்டால் கூட்டின் கழுத்து விறைத்துப்போய் விரிசல் விடும். அதனால் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்குவார்கள். அடிப்பாகம் சூடாகவே கூடாது. வெடியின் மொத்த வேகத்தையும் தாங்குவது அதுதான். அது இளகினால் மான் பிழைத்துவிடும், சுடுகிறவர் பாடுதான் சந்தேகம்.

இதையெல்லாம் மெர்வின் புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டான். இரண்டு கூடுகளின் கழுத்தில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்ததைப் பார்த்து, மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டான். சோப்பு நீரில் கழுவினான். கார் கொட்டகையில் குளிர் தாங்கவில்லை, ஈரமும் காயவில்லை. சரி, கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று ஒரு தட்டில் பரப்பி ஓவனில் வைத்துவிட்டு பேண்டு ஒத்திகைக்குப் போனான். அதற்குப் பிறகு ஜோலீன் பொத்தானை அமுக்கினாள்.

ஓவன் தன் வேலையை முடித்து, ஆறி, தானாகக் கதவைத் தளர்த்தியபோது கூடுகள் மயில் கழுத்து நிறத்தில் பளபளத்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. மெர்வின் ஒன்றை எடுத்து அடியைக் குறடால் அமுக்கினான். பழைய தகர டப்பா மாதிரி அமுங்கியது.

“மெத்துன்னுதானே கேட்டாரு அப்பா?” என்றாள் ஜோலீன்.

“கழுத்து மட்டும் ஜோ. அடி இல்ல.”

“அவரு கழுத்துன்னு சொன்னாரா?”

“அதை யாராச்சும் சொல்லுவாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

முதலில் அவன் அந்தக் கூடுகளைத் திருத்தப் பார்த்தான். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும் என்று எங்கோ கேட்டிருந்தான். கூடுகளை மறுபடி சிவக்கச் சுட்டு ஐஸ் தண்ணீரில் போட்டான். பித்தளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. முன்னைவிட இளகிக்கொண்டு வெளியே வந்தது. பிறகும் மனசு கேட்காமல் ஹக்கிள்பெரிப் பழப் பொட்டலங்களுக்கு நடுவே ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தான். ஜில்லென்று, மெத்தென்று இருந்தன.

அடுத்து, இரும்புக் கடைக்குப் போனான். அந்த அளவுக்குத் தோட்டா செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது என்றாள் கடைக்காரி பெர்னைஸ். அது யாருடைய துப்பாக்கி அளவு என்றும் அவளுக்குத் தெரியும். பெர்னைஸிடம் சொன்னது மாமனார் காதுக்குப் போக அவர் வந்து ஆணி வாங்கும் நேரம் போதும். மெர்வின் பதறிப்போய், பள்ளிக்கூட பேண்டுக்கு வேண்டும், தோட்டாக் கூடுகளில் மணி செய்யப் போகிறோம் என்று உளறிவிட்டான்.

பெர்னைஸ் அதை நம்பியதோடு நிற்கவில்லை. சர்ச் விருந்தில் பாதிரியார் எழுந்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் பிள்ளைகள் தோட்டா மணியில் பாட்டு வாசிக்கப் போகிறார்கள் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தோர்வால்ட் மட்டும் ஜோலீன் சுட்ட ஹக்கிள்பெரி பையைக் கரண்டியால் குத்திக்கொண்டே மருமகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து மெர்வினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது பெர்னைஸ்தான் அவனுக்கு வழி சொன்னாள். மணிக்குக் கூடு வேண்டுமென்றால் ஓடைக்கரை கிளீட்டஸிடம் கேள், அவன் எதையும் தூக்கிப் போடமாட்டான் என்றாள்.

கிளீட்டஸ் ஒரு காலத்தில் அந்த மலைக்குடிலில் படுத்தவர்தான். விடியற்காலை மூடுபனியில் எல்க் மான் என்று நினைத்து, தோர்வால்டின் காபிக் கெட்டிலைச் சுட்டுவிட்டார். குறி தப்பவில்லை. அன்றைக்கே மலையிலிருந்து இறக்கப்பட்டவர்தான், இரண்டு பேருக்கும் அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. கெட்டில் இன்னும் ஓட்டையோடு குடிலின் வாசலில் தொங்குகிறதாம். கிளீட்டஸின் சிவப்பு மேல்சட்டையும் பொத்தானோடு அவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெர்வின் போனபோது அதைத்தான் முதலில் பார்த்தான்.

கிளீட்டஸிடம் மணிக் கதையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஓவனில் தொடங்கி ஃப்ரீசர் வரைக்கும் உண்மையைக் கொட்டிவிட்டான். கிளீட்டஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தோர்வால்ட் என்ன சொல்லிக் குடுத்தாரு? அவரு சொன்னதை அப்பிடியே சொல்லு.”

“மெத்துன்னு ஆக்கிக் கொண்டா. நல்லா மெத்துன்னு. அவ்வளவுதான்.”

கிளீட்டஸ் எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பழைய நட்பை நினைத்து மனிதர் கலங்குகிறார் என்று மெர்வினும் தொண்டையைச் செருமிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்தபடி திரும்பி, உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். அதே அளவுக் கூடுகள். ஒருமுறைதான் சுட்டது, கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

மெர்வின் பணத்தை எடுத்தான். கிளீட்டஸ் கையை ஆட்டினார்.

“காசெல்லாம் வேணாம் தம்பி. அங்க ஒரு கட்டில் காலியா இருக்காமே. அதை எனக்கு வாங்கிக் குடு.”

எதற்காக மெர்வின் இந்தக் கூடுகளைத் தேடி அலைகிறானோ, அந்தக் கட்டிலையே விலையாகக் கேட்கிறார். ஆனால் வெறுங்கையோடு போனால் கட்டிலும் இல்லை, மாமனாரின் நம்பிக்கையும் இல்லை. நம்பிக்கையாவது மிஞ்சட்டும் என்று தலையாட்டினான். பேசிப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னான். கிளீட்டஸ் அப்போதே படுக்கைச் சுருளைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் மெர்வின் கார் கொட்டகையின் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். இருட்டில்தான் பித்தளையின் நிறம் சரியாகத் தெரியும். கேஸ் பர்னரின் நீலச் சுடரில் ஒவ்வொரு கூட்டையும் மெல்லச் சுழற்றினான். கழுத்து லேசாகச் சிவக்கத் தொடங்கும் அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். முந்தினால் இளகாது, பிந்தினால் கெட்டுவிடும். டிராம்போனில் சுருதி சேர்க்கிற காரியம்தான் இது என்று அவனுக்குப் பட்டது. இரண்டு மூன்றுக்குப் பிறகு கையே கணக்கைப் பிடித்துக்கொண்டது. கட்டிலை மறந்தான், கிளீட்டஸை மறந்தான். அந்த ஒரு மணி நேரம் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான். முடித்தபோது ஒவ்வொரு கழுத்திலும் ஒரு நீல வளையம், அடிப்பாகம் கல் மாதிரி.

வேட்டைக்கு முந்தின நாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். வெந்துபோன பழைய கூடுகளை இன்னொரு டப்பாவில் வண்டியிலேயே வைத்திருந்தான். திரும்பும்போது பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிடலாம் என்று எண்ணம்.

தோர்வால்ட் சமையலறை மேசையில் குறடு, சின்னச் சுத்தியல், ரம்பம் என்று பரப்பிவைத்துக் காத்திருந்தார். அல்வீனா மடியில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கூட்டை எடுத்தார். அவர் அடியைக் குறடால் அமுக்கினார். அமுங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அமுங்கவில்லை. முகம் வாடியது.

“கெட்டியா இருக்கே.”

“அடி கெட்டியாத்தானே மாமா இருக்கணும்? கழுத்தைப் பாருங்க, என்ன பதமா வந்திருக்குன்னு.”

“மெத்துன்னு ஆக்கச் சொன்னேன்.” அவர் கூட்டை வெளிச்சத்தில் திருப்பினார். “இது என்னோடதும் இல்ல.”

மெர்வின் வாயைத் திறக்குமுன் வாசலில் வண்டி வந்து நின்றது. கிளீட்டஸ் தோளில் படுக்கைச் சுருளோடு, தன் வீடு மாதிரி உள்ளே வந்து, குல்லாயைக் கழற்றி அல்வீனாவுக்கு வணக்கம் சொன்னார். தோர்வால்ட் அவரைப் பார்த்தார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மெர்வின் எல்லாவற்றையும் சொன்னான். ஓவன், ஐஸ் தண்ணீர், பெர்னைஸிடம் சொன்ன பொய், கிளீட்டஸின் பெட்டி, தனக்குச் சொந்தமில்லாத கட்டிலைத் தான் பேரம் பேசியது வரைக்கும் சொன்னான். அந்தக் கட்டில்மேல் தனக்கே ஆசை இருந்தது என்பதையும், ஏதோ ஒரு வேகத்தில், சொல்லிவிட்டான்.

தோர்வால்ட் கையிலிருந்த கூட்டை மேசையில் வைத்தார்.

“வெந்தது எங்க?”

மெர்வின் ஓடிப்போய் வண்டியிலிருந்து டப்பாவை எடுத்துவந்தான். தோர்வால்ட் ஒரு கூட்டின் அடியைக் குறடால் அமுக்கினார். வெண்ணெய் மாதிரி அமுங்கியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் சிரிப்பதை மெர்வின் பார்த்தான். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் ரம்பத்தை எடுத்து இன்னொன்றின் அடிப்பாகத்தை வட்டமாக அறுத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, அல்வீனாவிடம் நீட்டினார். அல்வீனா மடியிலிருந்ததை விரித்தாள். சிவப்புக் கம்பளி மேல்சட்டை, புத்தம் புதுசு, மெர்வினின் தோள் அளவு. பொத்தான் துளைகள் மட்டும்தான் இருந்தன, பொத்தான்கள் இல்லை.

“கட்டில் ஒண்ணுதான்,” என்றார் தோர்வால்ட், இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்து. “தரை பெருசு.”

மெர்வின் முதலில் ஒன்றும் புரியாமல், பிறகு மெல்லப் புரியத் தொடங்கி, சட்டையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். கிளீட்டஸ் கோட்டைக் கழற்றினார். உள்ளே அவருடைய பழைய சிவப்புச் சட்டை, அதே பித்தளைப் பொத்தான்கள். அடுப்பின்மேல் இருந்த காபிக் கெட்டில் பக்கம் போகாமல் தள்ளி உட்கார்ந்து, மெர்வினின் முழங்காலைத் தட்டிச் சொன்னார்:

“அவரு மெத்துன்னு கேட்டது சுடறதுக்கு இல்ல, உன் சட்டைப் பொத்தானுக்குத்தான். நீ வந்து கதையைச் சொன்னப்பவே எனக்குத் தெரியும் தம்பி. அப்பவே சொல்லியிருந்தா, என்னை யாரு இங்க கூட்டிட்டு வந்திருப்பா?”