பாட்டுப் பெட்டிக்குக் கால் வாங்கியவர்

பாட்டுக் கேட்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். டீக்கடை ரேடியோ கரகரத்தாலும் தலையாட்டுவார்கள். நான் சொல்ல வந்தது பெட்டி கேட்கிறவர்களை. இவர்களுக்குப் பாட்டு எதற்கென்றால், பெட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இந்த ரகத்திலும் நன்றாக முற்றிய ஒன்று உண்டு. அதற்கு அதிர்வு ஒழிப்பாளர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி அடுக்கிய பிறகும் பாட்டு மனதைத் தொடவில்லை என்றால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? மனதில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்போம். இவர் தரையில் கோளாறு என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருடைய கூடம் கோணல் இல்லை, நடுங்குகிறதாம்! பெட்டியின் அடியில் எதையாவது செருகி அந்த நடுக்கத்தை நிறுத்திவிட்டால் இசை தானாகப் பொங்கி வருமாம்.

விருத்தாசலம் அறிவழகன் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்கிறவர். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி வீடு. முதலில் பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டார், அப்புறம் கிரானைட் பலகை போட்டார், அதற்கும் கீழே ஒரு தட்டில் ஆற்று மணலைச் சலித்துக் கொட்டினார், அந்த மணலைப் பக்கத்து வீட்டுப் பூனை தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொண்டதும் பித்தளைக் கூம்புகளுக்கு மாறினார். ஒவ்வொரு தடவையும் "ஒரு திரை வெலகிடுச்சி" என்பார். எத்தனை திரை ஐயா! நாடகக் கொட்டகையில்கூட இத்தனை கிடையாது.

சரக்கு ரயில் போகும்போது மட்டும் வீடே குலுங்கும். அப்போது ரிமோட்டோடு கையைத் தூக்குவார், பாட்டு நிற்கும், ரயில் போன பிறகு தொடரும். ரயிலை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தை வீட்டுக்குள் காட்டினார். அவர் பாட்டுக் கேட்கையில் மிக்ஸி ஓடக் கூடாது. ஃபேன் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. கடைசியில் அவர் கண் மனைவி துர்காவின் தையல் மிஷின் மேல் விழுந்தது. கூடத்து ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் நின்ற மிஷினைக் கொல்லைப்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குத் துரத்திவிட்டார்.

"என்னாங்க, அங்க தரை மேடும் பள்ளமுமா இருக்குது. மிதிச்சா மிஷினு நவுந்து போவுது. தையலு கோணிக்கினு வருது. ஜாக்கெட்டு குடுத்தவங்கள்லாம் துணியத் திருப்பிக் கேக்குறாங்க" என்றாள் துர்கா.

"உள்ள வச்சா பாடுறவங்க கொரலே கலங்கிடும் துர்கா" என்றார் சார். யாரோ பாடுகிறவர் குரலுக்கு இருந்த கவலையில் கால்வாசி பெண்டாட்டி பிழைப்புக்கு இல்லை.

அடுத்து வந்தவைதான் அந்தக் கால்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துப் படித்து, வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தார். மொத்தம் நான்கு, பெட்டியின் மூலைக்கு ஒன்று. மேலே பீங்கான் கிண்ணி, அடியில் களி போன்ற ரப்பர். கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊசியை வாங்கிய கொல்லனைப் பார்க்க வேண்டுமானால் இவரைப் பாருங்கள். விருத்தாசலத்துக்குக் கடல் தாண்டிப் பீங்கான் வரவழைத்த முதல் மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கால்களின் பெருமையைக் காட்டச் சக ஆசிரியர் சகாயராஜைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வெளிச்சமும் இசையைக் கெடுக்கும் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் திரை, கூடமே அரை இருட்டு. சிடி சுழன்றது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வித்தியாசம் தெரியுதுங்களா சார்?"

அடுப்படியிலிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. "தெரியுதுங்க சார்" என்றார் சகாயராஜ்.

"வயலினு செவுத்த வுட்டுத் தள்ளி நிக்கிது, பாருங்க."

"நல்லாவே தள்ளி நிக்கிதுங்க."

சரக்கு ரயில் வந்தது. கை உயர்ந்தது, பாட்டு நின்றது. ரயில் போன அமைதியில் சாருக்கு ஏதோ குறைவதாகத் தோன்றியது. கொல்லையிலிருந்து வழக்கமாக வரும் கடகட சத்தத்தைக் காணோம்.

"துர்கா, இன்னைக்கு மிஷினு ஓட்டலையா?"

தைத்த ஜாக்கெட்டோடு துர்கா வந்து நின்றாள். தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. "காலையிலருந்து ஓட்டிக்கிட்டுதாங்க இருக்கேன். ஒங்க பெட்டிக்குக் கீழ இருந்த நாலு காலையும் நேத்தே எடுத்து மிஷினுக்கு வச்சிட்டேன். துளிகூட ஆடலை, சத்தமும் வரலை."

சகாயராஜ் அவசரமாகக் கர்சீப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சாப்பிடவே இல்லை. நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பீர்கள். அறிவழகன் சார் கொட்டகைக்கு ஓடினார், குனிந்தார், மிஷினை மிதித்துப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா சார்! காலு வேல செய்யுதா இல்லியா? நாஞ் சொன்னப்ப யாரு நம்புனா?"

கால் வைத்தும் வைக்காமலும் ஒரே இடத்தில் நின்ற வயலினைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆடுகிற பொருளுக்குக் கால் வைத்தால் ஆட்டம் நிற்கும். ஆடாத பெட்டிக்கு வைத்தால் எது நிற்கும்? பௌதிக வாத்தியாருக்கு இது தோன்றவே இல்லை. இன்னொரு நான்கு கால் வரவழைக்க வேண்டும் என்றார்.

"வரவழைங்க. வேல செய்யுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே மிஷினு உள்ள இருந்தா என்னா?" என்றாள் துர்கா. மிஷினின் ஒரு பக்கத்தைச் சகாயராஜ் தூக்க, மறுபக்கத்தைச் சாரே தூக்கும்படி ஆயிற்று. ஜன்னல் திரையைத் துர்கா விலக்கினாள். அந்த வீட்டில் நிஜமாக விலகிய திரை அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டியே இல்லை என்ற தைரியம். சரி. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று செல்போன் முதுகில் ஒட்டிய அந்த ஸ்டிக்கர் எதற்கு? போன வருஷம் இடித்துத் திசை மாற்றிய சமையலறை? "இப்ப வித்தியாசம் தெரியுதா?" என்று நீங்கள் கேட்டபோது எதிரே தலையாட்டியவர் எந்தக் குழம்பு வாசனையில் ஆட்டினாரோ. எதற்கும் எழுந்து கொல்லைப் பக்கம் போய், உங்கள் திருப்திக்காக அங்கே யாருடைய மிஷின் வெயிலில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் சிரிக்கலாம்.