சாக்ஸுக்குள் ஒரு பந்து

அசல் கையெழுத்து எது, போலிக் கையெழுத்து எது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்று கண்ணாடிக்காரர் மார்தட்டுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து, தன் கண்ணில் மட்டும் கோளாறே வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். கடைப் பூதக்கண்ணாடி பாதி நாள் வீட்டில்தான் கிடக்கும்.

ஹாலில் இருந்த ஒரே கண்ணாடி அலமாரியை அவருடைய சேகரிப்பு பிடித்துக்கொண்டிருந்தது. வீரர்கள் கையெழுத்துப் போட்ட பந்துகள், மட்டைகள், ஒரு தொப்பி, ஜோடியில்லாத ஒரு ஷூ. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். அவளுடைய துணிகளுக்குச் சாப்பாட்டு மேசையும் கட்டிலும்தான் கதி. எங்கே உட்கார்ந்தாலும் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் உட்கார வேண்டியிருந்தது.

"இனிமே ஒரு சாமான் வாங்கினாலும் அந்த அலமாரி உனக்கு! இது சத்தியம்!" என்று ஒருநாள் வீறாப்பாகச் சொல்லி, அவள் தலையில் கை வைக்கப் போனார். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

"உங்க தலையில அடிச்சுச் சொல்லுங்க. என் தலை எனக்கு வேணும்."

சத்தியம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார். ரசிகர்களுக்கு அவர் 'இடி'. இடியின் கையெழுத்துள்ள கிரிக்கெட் பந்து ஒன்று ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. இன்னொன்று விற்பனைக்கு வந்தது. பார்க்க ஒன்று, பாதுகாக்க ஒன்று என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டார். அதை ஒரு சாக்ஸுக்குள் போட்டு, பரண்மேல் கிழிந்த பெட்டிக்குள் ஒளித்தும் வைத்தார்.

இன்று கடையிலிருந்து வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பரணுக்குக் கீழே ஏணி. சாப்பாட்டு மேசையில் துணிகள் ஒதுக்கப்பட்டு, நடுவில் இரண்டு பந்துகள். இரண்டிலும் இடியின் கையெழுத்து.

"வாங்க, வாங்க. ஒரு போட்டி," என்றாள் மனைவி. "ஒண்ணு அலமாரியில இருந்தது. இன்னொண்ணுல நானே கையெழுத்துப் போட்டேன். எது நான் போட்டதுன்னு சொல்லிட்டீங்கன்னா, அலமாரியைப் பத்தி இனி நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா போட்டே?"

"தினமும் சாப்பிடும்போது பாடம் எடுக்கறீங்களே, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அதான் போட்டுப் பார்த்தேன்."

பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் பந்து அலமாரிப் பந்துதான். தையலோரம் இருக்கும் கீறலே சாட்சி. அடுத்ததைத் திருப்பினார். புத்தம் புதுப் பந்து. போலி போடுகிறவன் பயந்து பயந்து வரைவான், கோடு நடுங்கும், பேனா நின்ற இடத்தில் மை தேங்கும். இதில் நடுக்கமில்லை, தேக்கமில்லை. ஒரே வீச்சில் ஓடி, வால் மெலிந்து முடிந்திருந்தது. இது அவருடைய சாக்ஸ் பந்தேதான்! எமகாதகி, பரணில் ஏறி எடுத்துவிட்டு, தான் போட்டதாக நாடகம் ஆடுகிறாள்!

அசல் என்று சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். சத்தியம் போச்சு, அலமாரியும் போச்சு. போலி என்று சொன்னால் அலமாரி பிழைக்கும். பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்து யாரோ என்று சொல்கிற பாவம் வரும், அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"இது... இதுதான் போலி."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கோடு நடுங்குது. மை தேங்கியிருக்கு. சுத்த அமெச்சூர் வேலை."

"நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு."

"அப்போ குப்பையை எதுக்கு வச்சுக்கணும்?" பந்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டு நாய் வாசலில் படுத்திருந்தது. தெருவிலுள்ள செருப்பையெல்லாம் ருசி பார்த்த நாய் அது. இவள் ஒரு விசில் அடித்ததும் எழுந்து ஓடிவந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவள் கையை ஓங்கினாள்.

"போடாதே!" கண்ணாடிக்காரர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"என்னங்க? குப்பைதானே?"

"குப்பையா? அசல்டி அது! இடி தன் கையால போட்டது! போன மாசம்தான் அலைஞ்சு திரிஞ்சு வாங்கினேன்!"

நாய் கீழே வாலாட்டியது.

"போன மாசமா?" என்றாள் அவள். "வாங்கினீங்களா?"

"அது... பரண்ல... நீதான் எடுத்துட்டியே."

"நானா? ரெண்டு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்னு உங்களுக்குத் தெரியாதா? ஏணியைச் சும்மா சாத்தி வச்சேன். இந்தப் பந்து முக்குக் கடையில வாங்கினது. கையெழுத்து, மத்தியானம் காபி ஆறுறதுக்குள்ள நான் போட்டது."

"பொய்! இந்த வேகம் உன் கைக்கு எப்படி வரும்?"

"நம்ம பொண்ணோட ரேங்க் கார்டுல இத்தனை வருஷமா உங்க கையெழுத்தை யார் போடறாங்கன்னு நினைச்சீங்க?"

கண்ணாடிக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த அதிர்ச்சியில் ஊசியைத் தடவிப் பார்க்கவும் மறந்துவிட்டார். உடனே எழுந்தும் விட்டார்.

"அப்போ... நான் முதல்ல சொன்னது சரிதானே? போலின்னுதானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க. அப்பவே ஜெயிச்சிட்டீங்க. வாயை மட்டும் மூடிட்டு இருந்திருக்கணும்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பரண்மேல ஏறிட்டு, தும்மலோட இறங்குறவங்களப் பார்த்திருக்கேன். சிரிச்சுக்கிட்டே இறங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான். எனக்கு மேல ஏற முடியாது. அதான், உங்க வாயாலேயே இறக்கிட்டேன்."

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அலமாரித் தட்டுகளை அளக்க ஆரம்பித்தாள். "அதையும்தான் கொண்டு வாங்களேன், பார்ப்போம்."

தலை குனிந்து ஏறினார், சாக்ஸோடு இறங்கினார். அவள் பந்தை வெளியே எடுத்தாள். மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, கையெழுத்தை நிதானமாகப் பார்த்தாள். கோடு நடுங்கியிருந்தது, மை தேங்கியிருந்தது. பிறகு தான் கையெழுத்துப் போட்ட பந்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க, இதுக்கு நான் போட்டதே தேவலையே!"