ஓர் எழுத்து குறைந்த சாக்கு

சுருக்கமாக எழுதுபவனே எழுத்தாளன் என்று நம்பி, ஒரு முற்றம் நிறைய உருளைக்கிழங்கை மழைக்குக் காவு கொடுக்கப் பார்த்தவன் நான்.

எண்பதுகளில் ஓசூரில், தளிப் பக்கத்து உருளைக்கிழங்கை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கிழங்கு வெளியே குவிந்து கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாக்கு பெங்களூரிலிருந்து வர வேண்டும். டெலக்ஸ் அனுப்பச் சொன்னார் மேனேஜர்.

இங்கே தட்டினால் வெளியூரில் காகிதத்தில் அச்சாகும் அந்த டெலக்ஸ் இயந்திரத்தில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதினேன்: SAAKU UDANE. (சாக்குக்கு இன்னொரு K வேண்டாமா? சிக்கனமாம்!)

டெலக்ஸ் ஆபரேட்டர் ஃப்ளோரா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "மீதி எங்க சார்?"

"அவ்ளோதாங்க. எழுத்துன்னா அப்படித்தான் இருக்கணும்."

"இல்ல சார், கன்னடத்துல இதுக்கு..."

"நான் தமிழ்லதானே எழுதியிருக்கேன்? அடிங்க!"

சாக்கு வரவில்லை. மறுபடி கேட்டதற்கு, ஆங்கில எழுத்திலேயே கன்னடத்தில் பதில் வந்தது. ஃப்ளோரா படித்துச் சொன்னாள்: "நீங்கதானே 'போதும், உடனே நிறுத்து'ன்னீங்கன்னு கேக்கறாங்க சார். கன்னடத்துல சாகுன்னா போதும்." லாரியில் ஏற்றியதையும் இறக்கிவிட்டார்களாம்.

"ஏம்ப்பா, கிழங்கு நனஞ்சுதுன்னா நீ ஊருக்குக் கெளம்பிடு" என்றார் மேனேஜர்.

ஃப்ளோரா என்னிடம் எதுவும் கேட்காமல் தட்ட ஆரம்பித்தாள். இன்றைக்கும் அந்தச் செய்தியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இரண்டு மொழிக்காரருக்கும் தெரிந்த 'கோணி' என்ற சொல்லைப் போட்டாள். கிழங்கு திறந்தவெளியில் கிடப்பதையும் மழை வருவதையும் சொன்னாள். கடைசியில், "உங்களுக்கு என்ன புரிந்தது? திருப்பி அடியுங்கள்" என்று கேட்டாள். படிப்பவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதுபோல எழுதுகிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

லாரி வரும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேனேஜர் உட்பட எல்லோரும் அள்ளிக் கட்டினோம். கிழங்கு பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

"இனிமே ஃப்ளோரா பாக்காம நீ எழுதற ஒரு எழுத்துகூட வெளிய போகக் கூடாது" என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அதை நான் கொஞ்சம் அதிகமாகவே மதித்து, அவளையே கல்யாணம் செய்துகொண்டேன்.

இப்போது எல்லோர் கையிலும் ஒரு டெலக்ஸ் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் "சரி" என்று மட்டும் போட்டால் போதும், என் மகளிடமிருந்து பதில் பறந்து வரும்:

"அப்பா, இது தமிழா, கன்னடமா?"