கடைசி பெஞ்சு மாமா

வகுப்புக்குள் நுழைந்ததுமே கிறிஸ்துராஜின் கண் கடைசி பெஞ்சுக்கு ஓடியது. அங்கே வெள்ளைச் சட்டையும் பெரிய மீசையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

காலையில்தான் அம்மா சொல்லியிருந்தாள். சேக்காட்டுப் பெண் வீட்டிலிருந்து இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காலேஜுக்கே ஆள் வந்து மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார்களாம். இந்த எண்பத்தேழாம் வருஷத்தில் தற்காலிக லெக்சரருக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள்? வந்த வரனெல்லாம் கைநழுவிப் போயிருந்தது. அந்தப் பெண் செலினும் அவரைப் போலவே கெமிஸ்ட்ரி படித்தவள். சர்ச் திருவிழாவில் தூரத்திலிருந்து அவள் முதுகைப் பார்த்ததற்கே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் அவ்வளவுதான். அந்த மீசை பெண்ணின் மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைய பாடமோ மூலக்கூறு ஆர்பிட்டால். எதையும் குடும்பத்தை வைத்துத்தான் விளக்குவார் கிறிஸ்துராஜ். ரெண்டு அணு சேர்ந்தால் எலெக்ட்ரான்களுக்கு ஒரு மாடி வீடு கிடைக்கும். கீழ்வீடு பிணைப்பு, அங்கே நிம்மதி. மேல்மாடி எதிர்பிணைப்பு, அங்கே சண்டை. மீசைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

கல்யாணம் என்றாலே சண்டை என்கிறானே என்று மாமா நினைத்துவிட்டால்? ஹைட்ரஜனுக்குத் தாவினார். இருப்பது ரெண்டே பேர், ரெண்டும் கீழ்வீட்டில் சுகமாக இருக்கும் என்றார். மாமா கொட்டாவி விட்டார். பதறிப்போய் ஹீலியத்தைப் பிடித்தார். கீழே ரெண்டு, மேலே ரெண்டு, ஆக மொத்தம் கல்யாணமே நடக்காது என்று சொல்லி முடித்த பிறகுதான், வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாமா மேலே ஃபேனையே வெறித்துக்கொண்டிருந்தார்.

முன் பெஞ்சில் மாணவி ரோஸிக்குப் பக்கத்திலிருந்த பெண் எழுந்தாள். ஆக்சிஜனில் மேல்மாடியிலும் ஆள் இருக்கிறதே, அது ஏன் பிரிவதில்லை என்று கேட்டாள். கேட்டது யார் என்றுகூட அவர் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் கடைசி பெஞ்சில்.

"சண்டை இருக்கத்தாம்மா செய்யும். கீழ எட்டு பேரு, மேல நாலு பேரு. அதுல கடைசி ரெண்டும் ஆளுக்கொரு ரூம்ல மூஞ்சியத் தூக்கிவெச்சுகிட்டு உக்காந்திருக்கும். ஆனா சண்டையவிட ஒட்டுதல் ஜாஸ்தி. அதனால பிரியாது. அந்தக் காத்தைத்தானே நாமெல்லாம் மூச்சு வாங்கறோம்."

மாமா விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

மணி அடித்ததும் கிறிஸ்துராஜ் அட்டெண்டர் துலுக்கானத்திடம் ஓடினார். "மாமா கோவமா போனாராய்யா?"

"இன்னா மாமா? அந்தாளு ஃபேன் ரிப்பேருக்கு வந்தவரு சார், நீங்க எப்ப முடிப்பீங்கன்னு குந்திகினு இருந்துட்டு, பொறுக்காம கெளம்பிட்டாரு. ரோஸி பாப்பா பக்கத்துல எழுந்து கேள்வி கேட்டுச்சே, அதான் சேக்காட்டுப் பொண்ணு. ஆக்சிஜன் மாரி குடும்பம்னா தனக்கு சம்மதம்னு உங்களாண்ட சொல்லச் சொல்லிட்டுப் போச்சு."