எட்டு மணி மழை

மழையைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வைத்த பெருமை, உலகிலேயே இந்த ஊர் நீர்வடிகால் அலுவலகம் ஒன்றுக்குத்தான் உண்டு. மற்ற இடங்களில் மழை தன் இஷ்டத்துக்குப் பெய்துகொண்டிருக்க, இங்கே அது நாளுக்கு ஒரு முறை, காலை எட்டு மணிக்கு, நீலப் பதிவேட்டில் ஒரே ஒரு எண்ணாகக் கைகட்டி ஆஜராகும்.

அந்த எண்ணை எழுதி வந்தவர் மழை அளப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவருக்கு எட்டு மணி ஒரு நாள்கூட எட்டு மணி ஒரு நிமிடம் ஆனதில்லை. 'நேரம் தவறாச் செம்மல்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை ஏழரைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏழு ஐம்பதுக்கு அக்கா போனில் கூப்பிட்டாள். ஓடையோரத் தெருவில் தையல் கடை வைத்து, அதன் பின்கட்டிலேயே குடியிருப்பவள். தெருவுக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய் தாங்கவில்லை, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, மெஷின்களைத் தூக்க ஓடி வா என்றாள்.

"எட்டு மணிக்கு அளவு எடுத்துட்டு வந்துடறேன்க்கா" என்றார்.

மழைமானியின் முன்னால் குடையோடு நின்றார். மணி எட்டு. அறுபது மில்லிமீட்டர். எழுதினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், திரும்ப வைத்தார். எட்டரைக்கு மழை விட்டபோது அதில் இன்னொரு அறுபது இருந்தது. எட்டு மணிக்குப் பிறகு விழுவது, விதிப்படி, மறுநாள் மழை. அவர் போய்ச் சேர்ந்தபோது மூன்று மெஷின்களும் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் ஓடையோடு போயிருந்தது.

பெரிய குழாய் வேண்டும் என்று தெருவே திரண்டு மனுக் கொடுத்தது. பொறியாளர் பதிவேட்டைக் கணினியின் திருமுன் சமர்ப்பித்தார். கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஒரு நாளின் அறுபதை இருபத்து நான்கு மணிக்கும் பாரபட்சமின்றிப் பங்கிட்டது. மணிக்கு இரண்டரை. இருக்கிற குழாயே தாராளம் என்று தீர்ப்பும் வந்தது.

சாட்சிக்கு அழைக்கப்பட்ட மழை அளப்பவர் தொண்டையைக் கனைத்தார். "சார், அது ரெண்டு நாள் மழை இல்ல. ஒரே மழை. ஒரு மணி நேரத்துல நூத்தி இருபது கொட்டிடுச்சு."

பொறியாளர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"தப்பா எழுதிட்டீங்களா?"

இருபத்திரண்டு ஆண்டுப் பெருமை வாயை அடைத்தது. "இல்ல சார். விதிப்படிதான் எழுதினேன்."

"அப்ப மழைதான் தப்பாப் பெஞ்சிருக்கு."

மனு தள்ளுபடியானது. கோப்பில் 'கள ஊழியர் உறுதிசெய்தார்' என்ற வரியின் கீழ் அவர் ஒப்பமிட்டார். 'துல்லியத்துக்காக' அவருக்குப் பாராட்டுக் கடிதமும் கிடைத்தது.

மாலையில் அக்காவிடம் போய் விளக்கினார். முதல் நாள் அறுபது, மறுநாள் அறுபது, இரண்டுமே குழாய் தாங்கக்கூடிய மழைதான், சட்டப்படி வெள்ளமே வரவில்லை என்றார். சுவரில் இடுப்பளவுக்குப் படிந்திருந்த சேற்றை அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"மழை எங்கள ஒரு மணி நேரந்தான்டா முழுகடிச்சுது. அடுத்த மழைக்கும் முழுகணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீ."